மழைக்குப் பயந்தவர்

லப்லே,
மே 18, ஞாயிறு

அன்பு மகள் நிம்முக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவள் லின்னும் அந்தக் குளிர்தேசத்தில் மூக்கடைப்பும் இருமலும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை, பொய் பேசக்கூடாத ஊர் என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படி எழுதுவது, அதனால் இருக்கிறேன் என்பதோடு விடுகிறேன். முழங்கால் இரண்டும் படி இறங்கும்போது சத்தம் போடுகின்றன, சாப்பாடு ஏதோ இறங்குகிறது, தூக்கம்தான் துண்டு துண்டாக வருகிறது. பின்பக்க மரத்தில் டுரியான் இந்த வருஷம் நிறையப் பிடித்திருக்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை, விழுகிறதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதான் போனில் அரைமணி நேரம் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் முகம் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, நீயும் பாதியிலேயே அழுவாய், இல்லையென்றால் சண்டைக்கு வருவாய், இரண்டையும் தாங்க இப்போது எனக்குத் தெம்பில்லை. காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. விகாரையில் பெட்டிக்குள் இருக்கிற உன் அப்பாவின் நூறாவது நாள் தகனத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. விகாரை மண்டபத்தில் பெண்கள் தினமும் கூடி, தகனத்தன்று எல்லோரும் வைக்கிற சந்தனப் பூவைச் செய்கிறார்கள், கை பூவைச் செய்ய வாய் என்னையே சுற்றி வருகிறது, எப்படித் தனியாக இருக்கப் போகிறாய், வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போய்விடேன் என்று ஆளுக்கொரு யோசனை. துக்கம் கேட்க வருகிறவர்கள் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீரும் தின்பண்டமும் வைத்து வைத்து எனக்கு ஓரமாக உட்கார்ந்து அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. உனக்கு மறுபடி விடுமுறை கிடைக்கவில்லை என்று வருத்தப்படாதே, பிப்ரவரியில் ஏழு நாள் வந்து என் பக்கத்திலேயே படுத்திருந்தாய், அது போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை விரத் வந்திருந்தான், உன் அப்பாவுக்குக் கீழே இருபது வருஷம் வேலை பார்த்து இப்போது அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிற அதே விரத்தான். தகனத்தன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை அவன்தான் முன்நின்று பார்த்துக்கொள்கிறான். அட்டையின் மாதிரியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். நீ ஸ்டுடியோவில் சொல்லிச் செய்வித்த படம்தான், முகம் அவருடையது, கழுத்துக்குக் கீழே ஸ்டுடியோக்காரர் எல்லோருக்கும் மாட்டுகிற வெள்ளைச் சீருடை, நெஞ்சில் பதக்கம், தோள்பட்டையில் பொன் இழைப் பூவேலை. பிப்ரவரியில் பெட்டிக்கு முன்னால் வைத்ததும் இதே படம், ஆனால் அப்போது பூச்சரம் இரண்டு தோளையும் மூடியிருந்தது, நமக்கும் கண் எங்கே தெரிந்தது. விரத் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தான், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான், “அண்ணி, அண்ணன் போன பிற்பாடு அவருக்குப் பிரமோஷன் குடுத்துட்டாங்களா என்ன?” என்றான். “ஆறாம் நிலையில ரிட்டயர் ஆன மனுசனுக்கு ஏழாம் நிலைத் தோள்பட்டையை மாட்டி விட்டிருக்காங்களே, ஸ்டுடியோக்காரன் நம்ம ஊரு வாசல்ல இருக்கிற பலகையைப் படிக்கல போலிருக்கு” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அட்டையை எடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டான்.

ஸ்டுடியோக்காரர் கவனிக்காமல் செய்துவிட்டார் என்று நினைத்துத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ கொஞ்சமும் தயங்காமல், “நான்தாம்மா ஏழு போடச் சொன்னேன்” என்றாய். “யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறாங்க, அப்பாவுக்கும் உள்ளுக்குள்ள ஆசை இருந்திருக்கும்ல, மழைக்குப் பயந்துதானே வந்ததை விட்டாரு, உயிரோட இருந்தப்ப கிடைக்காதது இப்பவாவது கிடைக்கட்டுமே” என்றாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை கண்ணு. அப்பா மேல் உள்ள பாசத்தில் செய்தாய், அது எனக்குத் தெரியாதா. ஆனால் போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தவள் ஒட்டரிசிப் பானையில் தண்ணீர் வற்றிக் கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

விரத் புத்தகத்துக்காக எழுதியிருக்கிற வாழ்க்கைக் குறிப்பையும் படித்தேன். நான்கு பக்கம், எந்த வருஷம் எந்தப் பொறுப்பு, எந்த வருஷம் எந்தப் பதக்கம் என்று. முப்பத்தைந்து வருஷமும் ஒரே வட்ட அலுவலகத்தில் இருந்தது இவ்வூர் மக்கள்மீது கொண்ட தீராத பற்றினால் என்று முடித்திருக்கிறான், நல்ல பிள்ளை, மனதார நம்பித்தான் எழுதியிருக்கிறான். அந்த நான்கு பக்கத்தில் எனக்குத் தெரிந்த மனிதரைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீ பிறந்தபோது உன்னைப் பதிவு செய்ததை உன் அப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். பதிவு அதிகாரியே அவர்தான், ஆனால் தன் பிள்ளைக்குத் தானே கையெழுத்துப் போடக்கூடாது என்று நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய், பக்கத்து மேஜைக் குமாஸ்தாவிடம் கொடுப்பதற்காக எல்லோரோடும் வரிசையில் நின்றார். அந்த வரிசை முழுக்க இவர் கையெழுத்துக்காகத்தான் காத்துக்கிடக்கிறது, இவரோ வரிசையின் கடைசியில் கையில் காகிதத்தோடு நிற்கிறார், ஒருத்தருக்கும் வேலை நடக்கவில்லை. கடைசியில் ஒரு கிழவர், “நீ போயி அங்க உக்காந்தாத்தான்யா வரிசை நகரும்” என்று கத்தினாராம். அப்போதும் மனிதர் நகரவில்லை, முறை வந்த பிறகுதான் உன்னைப் பதிவு செய்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் கடைக்காக விடிவதற்குள் கிளம்பிவிடுவேன், உன்னைக் குளிப்பாட்டிச் சீருடை மாட்டித் தலை பின்னிப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவர் வேலை. பின்னல் போட அலுவலகத் தட்டச்சுக்காரப் பெண்ணிடம் கற்றுக்கொண்டார், கோப்பு கட்டுகிற நாடாவை மூன்றாகப் பிரித்து மேஜைக் காலில் கட்டி வைத்துக்கொண்டு பழகினார் என்று ஊரே சிரித்தது. ரிப்பன் காணாமல் போன நாளில் அந்த நாடாவிலேயே உன் தலையைக் கட்டி அனுப்பிவிட்டார், “இந்தப் பிள்ளையை எந்த அலமாரியில வைக்கணும்?” என்று உன் டீச்சர் கேட்டனுப்பினாள். நடக்க முடியாத கிழங்களுக்கு அடையாள அட்டை எடுக்கக் கேமராவையும் முத்திரைப் பெட்டியையும் தோளில் மாட்டிக்கொண்டு மலைமேல் டுரியான் தோப்புக்கெல்லாம் மழையில் நனைந்துகொண்டே போய்வருவார், எவ்வளவு தூரம் போனாலும் உன் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கேட்டில் சேற்றுக்காலோடு நிற்பார். அவர் போன மறுநாள் நம் குடும்பப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அவர் பெயரின்மேல் இறந்தார் என்ற முத்திரையை விரத்தான் குத்தினான், அது கோணலாக விழுந்துவிட்டது, “மன்னிச்சிருங்கண்ணே” என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான். முத்திரை கோணினால் அவருக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. உனக்கு ஒன்பது வயது நடந்தபோது அவருக்குப் பதவி உயர்வு உத்தரவு வந்தது. ஏழாம் நிலை, பதிவுப் பிரிவுத் தலைவர், ஆனால் ரனோங்கில், தெற்குக் கோடியில், வருஷத்தில் எட்டு மாதம் மழை பெய்கிற ஊரில். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதியம் என் கௌபன் கடைக்கு வந்தார், எப்போதும்போல வரிசையில்தான் நின்றார், பெண்டாட்டி கடையானாலும் முந்திக்கொள்ள மாட்டார் என்று உனக்குத் தெரியுமே. கொதிக்கிற பானை வாயில் கட்டிய துணிமேல் கௌபனுக்கு அரிசிமாவை ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன், அப்படி ஒரு முகத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுதான் பார்த்திருந்தேன். முறை வந்ததும், “ஒரு தட்டு கௌபன், அப்புறம் ஒரு சேதி” என்றார். வீட்டுக்கு வந்து காகிதத்தைப் படித்துவிட்டு நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. “நீங்க போங்க, நானும் பிள்ளையும் வரல. சந்தை முக்குல இந்த நிழல் இடத்துக்கு ஆறு வருசம் காத்துக் கிடந்தேன், இப்பத்தான் நாலு பேரு என் கைப்பக்குவத்தைத் தேடி வராங்க, அங்க வந்து மழையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க நான் என்ன தவளையா?” என்றேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் உனக்குப் பின்னல் போட்டு முடித்துவிட்டு, “லமாய், நீங்க ரெண்டு பேரும் இல்லாம நான் அங்க யாருக்குச் சமைக்கிறது?” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதில் என்ன காரணம் எழுதினார் தெரியுமா, ஈரக்காற்று நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது என்று. அவர் நெஞ்சுக்கு ஒரு கேடும் இல்லை. மனைவி வர மறுக்கிறாள் என்று எழுதினால் அலுவலகத்தில் என் பெயர் அடிபடும் என்று பழியைத் தன் நெஞ்சில் போட்டுக்கொண்டார், அரசாங்கக் காகிதத்தில் அவர் எழுதிய பொய் அந்த ஒன்றுதான். அடுத்த வருஷம் பாட் பணத்தின் மதிப்பு சரிந்து பாங்காக்கில் தொழிற்சாலைகள் மூடின, வேலை போனவர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பி வந்தார்கள், வந்தவர்கள் சும்மா இருப்பார்களா, எங்கள் தெருவிலேயே பதினொரு கௌபன் கடை வந்துவிட்டது. என் கடை மழைக்காலம் முடிவதற்குள் படுத்துவிட்டது. பானைகளை அவர்தான் மோட்டார் சைக்கிளில் நாலு நடையாகக் கொண்டுவந்து சேர்த்தார், கிணற்றடியில் உட்கார்ந்து கரி போகத் தேய்த்துக் கவிழ்த்தார். அந்தச் சாயங்காலம் முழுக்க நான் அடுப்படியில் நின்று காத்துக்கொண்டிருந்தேன், இப்போது சொல்வார், இதோ சொல்லப் போகிறார், இந்தக் கடைக்காகவா என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று. கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவர், “நாளையிலிருந்து எனக்கு வரிசையில நிக்கிற வேலை மிச்சம்” என்றார். ஒரு தட்டு போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அவர் கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கேட்காததால் எனக்குக் குற்றம் உறைக்க உறைக்க வாய்தான் நீண்டது. சொந்தக்காரர்கள் வந்தால், மற்றவர்கள் வீட்டுக்காரர்களெல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள், எங்கள் வீட்டில் இருக்கிறவருக்கு நாலு துளி விழுந்தால் நெஞ்சடைக்கும் என்று நானே ஆரம்பித்து வைப்பேன். அலுவலகத்தில் மழைக்குப் பயந்த ஜரூன் என்று பேர் வைத்துவிட்டார்கள், அந்தப் பேரை ஊருக்குள் கொண்டுவந்து விட்டவள் நான்தான். ஓய்வு பெற்ற அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து கறுப்புக் குடை ஒன்றைப் பரிசாகக் கொடுத்துக் கைதட்டிச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அதை ஒருநாளும் விரிக்காமல் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தார். நீ குழந்தையாக இருந்தபோது தூறல் போட்டால் போதும், “அப்பா, மழை வருது, ஓடுங்க ஓடுங்க” என்று கத்துவாய். அதெல்லாம் விளையாட்டு. ஆனால் உனக்குப் பதினெட்டு வயதில் ஒருநாள், பெரிய ஊரில் படித்த பிள்ளைகளோடு போட்டி போட முடியாமல் பரீட்சையில் இடம் கிடைக்காமல் போனபோது, சாப்பாட்டில் கைவைத்தபடி அவரைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் தைரியமா இருந்திருந்தா நானும் எங்கயாவது நல்ல பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பேன்” என்றாய். நான் அங்கேதான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நான் குனிந்து குழம்பைக் கலக்கினேன். அவர் உன் பக்கம் திரும்பி, “என்னடா செய்றது, அப்பாவுக்கு மழைன்னா பயம்” என்றார். அந்தக் குழம்பில் கலக்க ஒன்றுமே இல்லை நிம்.

நேற்றுக் காலை ஸ்டுடியோவுக்குப் போனேன். ஏழை எடுத்துவிட்டு ஆறு வையுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எல்லாரும் ஏத்தச் சொல்லித்தான்கா வருவாங்க, இறக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்” என்றார். இரண்டு நிமிட வேலை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முகத்தில் எதுவும் மாறவில்லை, ஆனாலும் எனக்கென்னவோ அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது போல இருந்தது, அங்கேயே அழுதுவிட்டேன், பாவம் அந்த மனிதர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். புத்தகத்தில் மனைவிக்கென்று ஒரு பக்கம் உண்டு, அன்பான கணவர், பொறுப்பான தந்தை என்று அதையும் விரத்தே எழுதி வைத்திருந்தான். அதை எடுத்துவிட்டு நானே எழுதிக் கொடுத்தேன். ரனோங்குக்குப் போக மறுத்தவள் நான். காரணம் என் கடை. அந்தக் கடை மறுவருஷம் மூடிவிட்டது. அவர் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை, நான்தான் அவரைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், நாலு வரி. விரத் படித்துவிட்டு, “இதெல்லாம் ஊருக்குத் தெரியணுமா அண்ணி?” என்றான். “அவரைப் பத்தித் தப்பா ஊருக்குத் தெரியுமே, அது மட்டும் தெரிஞ்சிருக்கலாமா?” என்றேன். அதற்கு அவன், “அந்தக் குடையைக் கடைத்தெருவுல போய் வாங்கிட்டு வந்தவன் நான்தான் அண்ணி” என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், வேண்டுமென்றே அப்படித்தான் அனுப்புகிறேன், நீ வேண்டாமம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் துணிச்சல் போயிருக்கும். எழுபது வயதில் ஊர் முன்னால் தலைகுனிவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அதற்கெல்லாம் களைத்துப் போய்விட்டேன். உன்னை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அன்றைக்கு நீ சொன்ன வார்த்தைக்கு நீ உள்ளுக்குள் குமையப் போகிறாய், அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவும் இனி வழியில்லை, அந்த வழியை அடைத்தவள் அம்மா என்று தோன்றும். தோன்றட்டும், அது நியாயம்தான். எனக்கு இனி நீ ஒருத்திதான் இருக்கிறாய், பேச மனம் வரும்போது பேசு, எத்தனை நாளானாலும் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். அந்த வார்த்தையை அவர் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை, மறுநாள் உனக்குப் பிடித்த வறுத்த மீன் வாங்கிவர இரண்டு ஊர் தாண்டிப் போய்வந்தார், அதை மட்டும் நம்பு.

புத்தகம் இரண்டு பிரதி பார்சலில் அனுப்புகிறேன், ஒன்று லின் பெரியவளானதும் அவளுக்கு. நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் கிழங்களைத் தூக்கும்போது இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொள், சொன்னால் கேட்பதில்லை நீ. லின்னுக்குப் பின்னலைக் காதுக்குக் கீழே இறக்கிப் போடு, அப்பா போடுவதுபோல, மேலே போட்டால் தொப்பி உட்காராது. மும்மணிகளும் உங்கள் மூவரையும் எந்த ஊரிலிருந்தாலும் காக்கட்டும், உன் அப்பா சேர்த்த புண்ணியம் முழுவதும் உன்மேல் இறங்கட்டும். தகனத்தன்று மழை நிச்சயம் என்கிறார்கள். அந்தக் குடையைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், அன்றைக்கு நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன்.

இப்படிக்கு,
மழைக்குப் பயந்த உன் அம்மா,
லமாய்